பேராசைன்னு சொல்லாதீங்க! 'சர்வே' மோசடியும் நம்ம கோயில் குரூப்பும்



வழக்கமா இந்தப் பக்கத்தில் அபிஷேக நேரம், அன்னதான உபயம், திருவிழா வேலைக்கு ஆள் கேட்பது, இதைத்தான் போடுவோம். இன்றைக்கு வேறு விஷயம். பதிவு நீளம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம். யார் மனமாவது புண்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கிள்ளானில் இருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நம் கோயிலுக்கு வரும் ஒரு அக்கா. பெயர் சொல்ல மாட்டோம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். அன்னதானச் சமையலில் வெங்காயம் உரிப்பது, கடைசியில் அண்டா கழுவுவது, இரண்டையும் யாரும் கேட்காமலே செய்வார். மூணு வெள்ளிக்கிழமை ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்தவர் முதலில் சொன்ன வார்த்தை: "அண்ணே, சாமிகிட்ட வந்து நிக்க முகம் இல்லண்ணே."

பதின்மூவாயிரம் வெள்ளிக்கு மேல் போய்விட்டது. மகள் காலேஜுக்குச் சேர்த்த காசு, அடகுக்கடையில் வைத்த சங்கிலி, தங்கையிடம் வாங்கிய கடன், எல்லாம் அதில் அடக்கம். எப்படிப் போச்சுன்னு கேட்டோம். போனை நீட்டினார். முதல் மெசேஜ் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம கோயில் வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்து.

"வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம். சர்வே செய்தால் போதும். ஐந்து நிமிடம். நம்பிக்கையானது, நான் வாங்கிட்டேன்." மேலே ஒரு பிள்ளையார் படம், கீழே ஒரு லிங்க். அனுப்பியவர் நமக்கெல்லாம் தெரிந்தவர்தான். அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாவே முப்பது வெள்ளி வந்திருந்தது. நாலு பேருக்கு நல்லதாகட்டும் என்று அனுப்பினார்.

இந்தப் பதிவுக்குக் காரணம் அந்த மெசேஜ் மட்டும் இல்லை. அதுக்கு அப்புறம் நடந்ததுதான். "வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் ஐந்து நிமிடம் இதைப் பற்றிச் சொல்லலாமா?" என்று கூட்டத்தில் கேட்டோம். பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "கோயில்ல எதுக்குப்பா இந்தப் பேச்சு? பேராசைப்பட்டா அப்படித்தான். பேராசை பெருநஷ்டம்." இரண்டு மூணு பேர் தலையாட்டினார்கள். விஷயம் அங்கேயே முடிந்தது.

முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

*பேராசையா அது?*

நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறோம். ஒவ்வொரு படியிலும் நீங்களே சொல்லுங்கள், பேராசை எங்கே வந்தது என்று.

லிங்கைத் தட்டினால் டெலிகிராமில் ஒரு பெண். படத்தில் அழகான முகம், பேச்சில் மரியாதை. "அக்கா, நாங்கள் சந்தை ஆய்வு நிறுவனம். எந்தச் சோப்பு பயன்படுத்துறீங்க, எந்தக் கடையில் சாமான் வாங்குறீங்க, பத்துக் கேள்வி." பதில் சொன்னார். அரை மணி நேரத்தில் பேங்கில் எட்டு வெள்ளி. மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் இருபத்து நாலு. நிஜக் காசு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து, சரி, உண்மைதான் என்று நம்பினார்கள்.

ஐந்து நிமிட வேலைக்கு எட்டு வெள்ளி. தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து மூட்டு தேய்ந்த ஒரு பெண், உட்கார்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்காதா என்று பார்த்தார். இது பேராசையா?

பிறகு அவரை ஒரு குரூப்பில் சேர்த்தார்கள். அதில் நாலைந்து பேர். "எனக்கு இன்னைக்கு முந்நூறு வந்துச்சு", "நன்றி மேடம்" என்று பேங்க் ரசீதைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்காவைத் தவிர அந்தக் குரூப்பில் இருந்த எல்லாருமே அவர்கள் ஆள் என்பது பின்னால்தான் தெரிந்தது. "சர்வே முடிந்தவர்களுக்கு அடுத்த கட்டம், முன்பண டாஸ்க். நூறு போட்டால் நூற்று முப்பது." போட்டார். வந்தது. "முந்நூறு போட்டால் முந்நூற்றுத் தொண்ணூறு." போட்டார். அதுவும் வந்தது.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது நமக்குத் தெரிந்த பழமொழிதான். ஆனால் தூண்டிலில் இருப்பதைப் பழமொழியாகப் படிப்பது வேறு, பேங்க் கணக்கில் கண்ணால் பார்ப்பது வேறு.

நாலாவது தடவை ஆயிரம். இந்த முறை, "இது மூணு படி டாஸ்க்கா, மூணையும் முடித்தால்தான் காசு வெளியே வரும்." அடுத்த படி இரண்டாயிரத்து எண்ணூறு. அதற்கடுத்தது ஐயாயிரத்து ஐந்நூறு. இடையில் தயங்கியபோது குரூப்பில் இருந்த இன்னொரு 'அக்கா' அழுதார்: "நீங்க முடிக்கலைன்னா எங்க எல்லார் காசும் மாட்டிக்கும். என் பிள்ளைக்கு ஆபரேஷன்." அடகுக்கடைக்குப் போனது அந்த வார்த்தைக்காகத்தான். இன்னொருத்தர் பிள்ளைக்காக. இங்கே எங்கே பேராசை?

மூணாவது படி முடிந்ததும், "தவறான பட்டனை அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க நாலாயிரம் கட்டணும்." திரையில் அவர் பெயருக்கு நேரே பதினெட்டாயிரம் என்று மின்னிக்கொண்டிருந்தது. நாலாயிரம் கட்டினால் பதினெட்டாயிரம். கட்டாவிட்டால் போட்டது எல்லாம் போச்சு. தங்கையிடம் கடன் வாங்கிக் கட்டினார். பிறகு "வரி" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தப் பதினெட்டாயிரம் எந்த பேங்கிலும் இல்லை. ஒரு வெப்சைட்டில் யாரோ தட்டிய எண்.

பெரியவரே, போட்ட காசைக் காப்பாற்றத்தான் அந்த மனுஷி கடைசி வரை ஓடினார். பறித்தவனின் குற்றத்தை இழந்தவர் தலையில் வைத்துப் பேசுவதுதான் "பேராசை" என்ற அந்த ஒரு சொல்.

*இது ஒருத்தர் கதை இல்லை*

"படிக்காதவங்கதான் மாட்டுவாங்க" என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

2010-ல் இந்தியாவில் ஸ்பீக் ஏசியா என்று ஒரு நிறுவனம் கடை விரித்தது. சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். வேலை என்ன? இதே சர்வேதான். ஆண்டுக்குப் பதினோராயிரம் ரூபாய் சந்தா கட்ட வேண்டும். வாரம் இரண்டு சர்வே, ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய். பதினோரு வாரத்தில் போட்ட காசு திரும்பிவிடும், மீதி வருஷம் முழுக்க லாபம் என்று கணக்குக் காட்டினார்கள். ஆள் சேர்த்தால் தனி கமிஷன். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் என்று அவர்கள் பெயர் சொன்ன பெரிய நிறுவனங்கள், எங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று 2011-ல் மறுத்தன. பட்டுவாடா நின்றது. மும்பை போலிஸ் விசாரணையில் வந்த தொகை இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

விஷயம் எளிது. அந்த சர்வேக்களைக் காசு கொடுத்துக் கேட்டவர் யாருமே இல்லை. புதுசாகச் சேர்ந்தவர் கட்டிய பதினோராயிரத்திலிருந்துதான் பழையவருக்கு ஐந்நூறு போனது. சேர்ந்த இருபது லட்சம் பேருமே பேராசைக்காரர்களா? பேங்க் வேலையில் இருந்தவரும் வாத்தியாரும் அதில் ஒருத்தர்கூட இல்லையா?

அது மும்பை. நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். கோயம்புத்தூரில் மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனம். போனில் விளம்பரம் பார்த்தால் காசு. சில நூறு ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் வரை உறுப்பினர் கட்டணம். 2024 ஜனவரியில் கோவை சைபர் கிரைம் போலிஸ் வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும், அதற்குள் நாங்கள் போகவில்லை. நாங்கள் சொல்ல வருவது, வழக்கு வந்ததும் நடந்ததை. 2024 ஜனவரி 29-ஆம் தேதி, கோவை நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். எதற்கு? காசைத் திருப்பிக் கொடு என்று கேட்க இல்லை. எங்கள் நிறுவனத்தின் மேல் கை வைக்காதே என்று சொல்ல! தினமும் கைக்கு வந்த சின்னக் காசுக்கு எவ்வளவு பலம் பாருங்கள்.

அன்றைக்கு இது ஒரு நிறுவனமாவது. பெயர் இருந்தது, முகம் இருந்தது, போய் நிற்க ஓர் அலுவலகம் இருந்தது. இப்போது நம் போனுக்கு வருவதற்கு முகமே கிடையாது. பெரிய இணையக் கடை, ஹோட்டல் முன்பதிவுத் தளம், சந்தை ஆய்வு நிறுவனம், எது பிரபலமோ அதன் பெயரையும் சின்னத்தையும் திருடி ஒட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கு சர்வே, நாளைக்கு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது, அதற்கு அடுத்த நாள் வீடியோவுக்கு லைக். பெயர்தான் மாறும். முடிவில் நீங்கள் காசு கட்டுவது மாறாது.

பக்கத்து சிங்கப்பூரில் சட்டம் எவ்வளவு கடுமை என்று நமக்குத் தெரியும். அங்கேயே 2023-ல் போலிஸுக்கு வந்த மோசடிப் புகார்களில் முதல் இடம் இந்த மாதிரி வேலை மோசடிக்குத்தான். ஒன்பதாயிரத்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள், 13 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பு. அமெரிக்காவில் இந்த 'டாஸ்க்' மோசடி பற்றி 2020-ல் ஒரு புகார்கூட இல்லை. 2023-ல் சுமார் 5,000. 2024-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. இதை அந்த நாட்டு அரசாங்கத்தின் வாணிப ஆணையமே சொல்கிறது. இங்கிலீஷில் பிறந்து வளர்ந்தவர்களே மாட்டுகிறார்கள். வெங்காயம் உரிக்கும் அக்காவை மட்டும் நாம் ஏன் கூண்டில் ஏற்றுகிறோம்?

*அந்தப் பக்கம் இருப்பது யார்?*

அந்தப் 'பெண்' யார் என்று அக்கா கேட்டார். தெரியாது. ஆனால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியான்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் கட்டாயப்படுத்தப்பட்டு இணைய மோசடி வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் அவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, கட்டடத்தில் அடைத்து, அடித்து, இந்த மெசேஜ்களை அனுப்ப வைக்கிறார்கள். நம் மலேசியப் பிள்ளைகளும் அப்படிச் சிக்கி, அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

அதாவது இந்தப் பக்கம் அக்கா 'வேலை' என்ற சொல்லில் ஏமாந்தார். அந்தப் பக்கம் தட்டச்சு செய்த ஆளும் அதே 'வேலை' என்ற சொல்லில் ஏமாந்தவராக இருக்கலாம். நடுவில் காசு எண்ணுகிறவனை நாம் யாருமே பார்த்ததில்லை. கோபப்பட வேண்டும் என்றால் அவன் மேல் படுங்கள். அண்டா கழுவும் கையைப் பார்த்துப் பழமொழி சொல்லாதீர்கள்.

*கணக்கை வாடகைக்கு விடும் தம்பிகளுக்கு*

நாம் கோபப்பட வேண்டிய இன்னொருத்தர் நம்ம ஊரிலேயே இருக்கிறார். கசப்பான பேச்சு, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா காசு அனுப்பிய கணக்குகள் வெளிநாட்டுக் கணக்குகள் இல்லை. மலேசிய பேங்க், மலேசியப் பெயர்கள். அதில் ஒன்று நம் இனப் பெயர். சில நூறு வெள்ளிக்காக ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் தூக்கிக் கொடுத்த யாரோ ஒரு தம்பி. "நான் யாரையும் ஏமாத்தலையே, கார்டுதானே கொடுத்தேன்" என்பான். இதற்கு இந்த நாட்டில் 'கழுதைக் கணக்கு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் மூட்டையைச் சுமப்பதால் அந்தப் பெயர். ஆனால் கழுதைக்குத் தான் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாது. உனக்குத் தெரியும்.

2024-ல் குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகளைச் சேர்த்தார்கள். கணக்கை அடுத்தவனுக்குக் கொடுப்பதே இப்போது தனிக் குற்றம், சிறை உண்டு. இதைப் படிக்கும் பெற்றோர்கள் இன்றிரவே பிள்ளைகளிடம் கேளுங்கள்: உன் கார்டு உன்னிடம் இருக்கிறதா? மேடையில் நின்று காவடி எடுக்கும் பிள்ளையா, கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளையா என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் உண்டு. அக்காவுக்கு முதலில் வந்த அந்த எட்டு வெள்ளி யாருடையது? நிறுவனத்தின் காசு என்று நினைத்தார். பெரும்பாலும் அது இன்னொரு ஊரில் இன்னொரு அக்கா இழந்த காசாகத்தான் இருக்கும். "நான் இருநூறு வெள்ளி எடுத்துட்டு நிறுத்திட்டேன், நான் புத்திசாலி" என்று சிலர் சிரிக்கிறார்கள். நீங்கள் எடுத்தது யார் வீட்டுச் சங்கிலி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

*இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்*

நல்ல சர்வேயே கிடையாதா என்றால், உண்டு. உண்மையான ஆய்வு நிறுவனங்கள் கருத்துக் கேட்பார்கள். அதற்குப் புள்ளியோ வவுச்சரோ சின்னத் தொகையோ தருவார்கள். அதை வைத்து யாரும் வீட்டுத் தவணை கட்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு, முந்நூறு என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

1. வேலை கொடுப்பவன் உங்களுக்குக் காசு தர வேண்டும். நீங்கள் அவனுக்குக் காசு கட்டினால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், முன்பணம், டெபாசிட், வரி, கணக்கைத் திறக்கும் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, அதோடு நிறுத்திவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

2. முதலில் காசு வந்தது என்பது சாட்சி இல்லை. அதுதான் தூண்டில்.

3. 'நிறுவனத்துக்கு' அனுப்பச் சொல்லும் காசு தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறதா? ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரா? மோசடி. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

4. சர்வேக்கு எதற்கு உங்கள் ஐசியின் முன்பக்கம் பின்பக்கப் படம்? எதற்கு கார்டு நம்பர், டிஏசி நம்பர்? கோயில் குருக்கள் கேட்டாலும் டிஏசி கொடுக்காதீர்கள்.

5. லிங்க் வழியாக ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னால் வேண்டாம். 'ஏபிகே' என்று முடியும் கோப்பைத் தொடவே வேண்டாம். அது போனுக்குள் புகுந்தால் உங்கள் பேங்க் மெசேஜை அவர்களே படிக்கலாம்.

6. காசு அனுப்பும் முன் போலிஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு நம்பரையும் போன் நம்பரையும் போட்டுப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். ஆனால் ஒன்றும் காட்டவில்லை என்றால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. நேற்று வாடகைக்கு எடுத்த கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

7. "வீட்டில் சொல்லாதே, குரூப்பில் கேட்காதே, பேங்கில் கேட்டால் சாமான் வாங்கினேன் என்று சொல்" என்று எவனாவது சொல்லிக் கொடுத்தால், அந்த நொடியே போனை வீட்டில் இன்னொருத்தர் கையில் கொடுங்கள்.

*காசு போய்விட்டதா?*

அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் போன். உங்கள் பேங்கின் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள், அல்லது 997. இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம், என்எஸ்ஆர்சி. போலிஸ், பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம் எல்லாம் சேர்ந்து நடத்துவதற்காக அமைத்தது. நீங்கள் அனுப்பிய காசு ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே போவதற்குள் பிடித்தால்தான் முடக்க முடியும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உங்கள் பேங்க் ஆப்பில் கணக்கை நீங்களே உடனே முடக்கும் வசதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பிறகு போலிஸ் நிலையத்தில் புகார். மெசேஜ்களை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். அவை எல்லாம் சாட்சி.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? காசு போன அன்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா பேராசைன்னு சொல்வாங்கன்னு பயந்தேண்ணே." அந்த ஒன்பது நாளில் காசு எங்கெங்கோ போய்விட்டது. முதல் மணி நேரத்தில் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ.

இப்போது புரிகிறதா, நாங்கள் ஏன் அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை கோபப்படுகிறோம் என்று? மோசடிக்காரன் முதல் ஆயுதமாக ஆசையைக் காட்டுகிறான். அவனுடைய இரண்டாவது ஆயுதம் வெட்கம். ஆனால் அந்த இரண்டாவது ஆயுதத்தை அவன் கையில் எடுத்துக் கொடுப்பது நாம். "இவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று நாம் காபி குடித்துக்கொண்டே பேசுகிற ஒவ்வொரு தடவையும், எங்கோ ஒரு வீட்டில் இன்னொருத்தர் 997-ஐ அழைக்காமல் போனைக் கவிழ்த்து வைக்கிறார்.

அதோடும் முடியாது. ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கைமாறும். "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், முதலில் வழக்கறிஞர் கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்த கூட்டம் வரும். அக்காவுக்கு வந்தது. அதற்குள் நாங்கள் போயிருந்ததால் தப்பித்தார். காசு கட்டினால்தான் காசு வரும் என்றால், முதல் விதியைத் திரும்பப் படியுங்கள்.

*கோயிலுக்கு என்ன சம்பந்தம்?*

"போலிஸ் இருக்கு, பேங்க் இருக்கு, கோயில் எதுக்கு இதைப் பேசணும்?" இதற்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறோம்.

அந்த மெசேஜ் தெருவில் கிடந்திருந்தால் அக்கா தொட்டிருக்க மாட்டார். கோயில் குரூப்பில் வந்ததால் நம்பினார். அவர் நம்பியது கம்பெனியை இல்லை, நம்மை. மோசடிக்காரனுக்கு நம்பிக்கையைச் சொந்தமாக உண்டாக்கத் தெரியாது. ஏற்கனவே இருக்கும் இடத்தில்தான் திருடுவான். கோயில், பள்ளி, குடும்ப குரூப். அப்படியானால் காவல் எங்கே நிற்க வேண்டும்?

உண்டியலைத் திறந்து எண்ணும்போது நாம் என்ன செய்கிறோம்? தனியாக ஒருத்தரை விடுவதில்லை. நாலு பேர் சாட்சியாக உட்கார்ந்து, எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுகிறோம். சாமி காசுக்கு அத்தனை கவனம். பக்தர் காசைத் தொடும் ஒரு மெசேஜை மட்டும், ஒரு சாட்சிகூட இல்லாமல், ஒரு விரலால் இருநூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன இனம் நாம்.

அதனால் நிர்வாகத்திடம் நாங்கள் வெளிப்படையாகக் கேட்பது நாலு விஷயம்.

ஒன்று, கோயில் குரூப்பில் வேலை, முதலீடு, சர்வே விளம்பரம் எதுவும் வேண்டாம். யார் போட்டாலும், நிர்வாகத்தில் இருப்பவர் போட்டாலும், அழிக்க வேண்டும்.

இரண்டு, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் முன், மைக்கில் ஐந்து நிமிடம். உபயக்காரர் பெயர் வாசிக்கும் நேரத்தில் பாதி போதும்.

மூணு, ஞாயிற்றுக்கிழமை அன்னதான மண்டபத்தில் ஒரு மேசை. நம் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்காரட்டும். சந்தேகமான மெசேஜ் வந்த பாட்டியோ தாத்தாவோ போனைக் கொண்டுவந்து காட்டட்டும். பிள்ளைகள் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது, பேங்க் ஆப்பைத் தொடக் கூடாது. பார்த்துச் சொன்னால் போதும்.

நாலு, ஏமாந்தேன் என்று வந்து நிற்பவரை யாரும் திட்டக் கூடாது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், அடுத்தது 997, பிறகு போலிஸ் நிலையத்துக்குத் துணைக்கு ஒரு ஆள். அறிவுரை சொல்ல ஆசையாக இருந்தால் ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

அந்த மெசேஜை குரூப்பில் போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஐயா, உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அதே குரூப்பில் இருநூறு பேர் அதைப் பார்த்தோம். சந்தேகம் வந்தவர்கள்கூட "நமக்கென்ன" என்று தள்ளிவிட்டுப் போனோம். நாங்களும் அதில் அடக்கம். தலை குனிய வேண்டும் என்றால் எல்லாரும் சேர்ந்து குனிவோம். அக்கா மட்டும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் வந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நேராகச் சமையல் கட்டுக்குப் போய் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் தலையாட்டிய ஒரு அம்மா, ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் உரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு உடனே பத்து குரூப்புக்குத் தட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம், பக்கத்து வீட்டு ஆயாவிடம் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அப்படி ஏதாவது நடந்தா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை சந்திப்போம்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டூழியர்கள்